பழுதென்று கழித்து ஒதுக்கும் முன் கணினியின் வெப்பநிலையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, பெரிய செலவில்லாத ஒரு நல்ல வழியை எளிய நடையில் எடுத்துச் சொன்னது. அதற்காகக் கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால் அதன் கடைசிப் பகுதியில், லினக்ஸ் நிறுவிய கணினிகள் கோடையில் கூடுதலாகச் சூடேறும் என்றும், மின்விசிறியின் வேகத்தையும் கணினியின் முதன்மைச் சில்லான பிராசஸரின் வெப்பநிலையையும் பார்க்க லினக்ஸில் வசதி இல்லாததால் கேபினெட்டைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் அணைத்து வைப்பதே நல்லது என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் கூற்றில் சில மடிக்கணினிகளைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது கூற்று முற்றிலும் தவறானது. கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், இந்தத் தவறான எண்ணம் எத்தனை நல்ல கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறது என்பதைப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. எனவே 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த வரிசையில் சேர முடியாமல் நிற்கின்றன. நூலகங்களும் பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் அவற்றில் லினக்ஸின் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவத் தொடங்கியிருப்பது இதனால்தான். இவை வெயிலையும் தூசியையும் பல ஆண்டுகள் தாங்கி வந்த கணினிகள். பிராசஸரின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் தூசி பஞ்சுபோல அடைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கும். விண்டோஸ் இருந்த நாளிலும் அவை சூடாகத்தான் ஓடின. லினக்ஸுக்கு மாறிய பிறகுதான் ஒருவர் அருகில் உட்கார்ந்து கவனிக்கிறார் என்பதால், பழி புதிதாக வந்ததன் மீது விழுகிறது.

வெப்பநிலையை அளக்கும் சென்சார்கள், அதாவது உணரிகள், கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தனியாக எதையும் வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. பிராசஸரில் கணக்கிடும் பகுதியான ஒவ்வொரு கோருக்குள்ளும் ஒன்று உண்டு. மதர்போர்டில் நுவோட்டான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சிறு சில்லு ஒன்று இருக்கும். போர்டின் வெப்பநிலை, மின்னழுத்தம், ஒவ்வொரு விசிறியின் சுழற்சி வேகம் ஆகியவற்றை அதுதான் கணக்கெடுக்கிறது. லினக்ஸில் இவற்றைப் படிப்பதற்கான எல்எம்-சென்சார்ஸ் திட்டம் 1990-களின் இறுதியில் தொடங்கியது. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 2003 டிசம்பரில் வெளிவந்த அதன் 2.6 பதிப்பிலிருந்து, இந்தச் சில்லுகளுடன் பேசும் நிரல்களான டிரைவர்கள் அதற்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன. அதாவது, இல்லை என்று கட்டுரை சொல்லும் இந்த வசதிக்கு இருபது வயது கடந்துவிட்டது. உணரிகள் காட்டும் எண்களைக் கெர்னல் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே எடுத்து வைக்கிறது. சிஸ் என்னும் கோப்பகத்தில் கிளாஸ் என்பதற்குள் எச்டபிள்யூமான் என்ற கோப்பகத்தைத் (/sys/class/hwmon) திறந்தால், ஒவ்வொரு உணரிக்கும் ஒரு கோப்பு இருக்கும். வெப்பநிலைக் கோப்பில் 45000 என்று இருந்தால் அது 45 டிகிரி செல்சியஸ். ஆயிரத்தால் வகுக்க வேண்டும். விசிறிக் கோப்பில் 1180 என்று இருந்தால் நிமிடத்துக்கு 1,180 சுற்று. அதை வகுக்க வேண்டியதில்லை.

கோப்புகளைத் தேடிப் போக விரும்பாதவர்கள், எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, கட்டளைகளை எழுதும் டெர்மினல் சாளரத்தில் சென்சார்ஸ் (sensors) என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் போதும். எல்லா எண்களும் ஒரே திரையில் வந்துவிடும். பிராசஸரின் வெப்பநிலை பெரும்பாலும் உடனே தெரியும். விசிறி வேகம் தெரியாவிட்டால் சென்சார்ஸ்-டிடெக்ட் (sensors-detect) என்ற கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஒருமுறை ஓட்ட வேண்டும். அது கேள்விகள் கேட்டுப் போர்டில் எந்தச் சில்லு இருக்கிறது என்று கண்டுபிடித்து, எந்த டிரைவரை ஏற்ற வேண்டும் என்று சொல்லும். கேள்விகளுக்கு எண்டர் விசையை மட்டும் அழுத்திப் போவதே பாதுகாப்பானது. ஆபத்தான சோதனைகளுக்கு இயல்பான பதில் ‘வேண்டாம்’ என்றுதான் இருக்கும். இந்த எச்சரிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. பழைய ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், உணரியைத் தேடிய சோதனை அங்கிருந்த ஒரு நினைவகச் சில்லின் உள்ளடக்கத்தைக் கெடுத்து, கணினி தொடங்கவே முடியாமல் போனது. அதன்பின் அத்தகைய இயந்திரங்களைக் கண்டால் தேடாமல் விலகும்படி அந்த நிரலைத் திருத்தினார்கள். இன்றைய கணினிகளில் அந்த அச்சம் தேவையில்லை என்றாலும், புரியாத கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது.

எண்கள் வந்துவிட்டன என்பதாலேயே அவையெல்லாம் மெய் என்று கொள்ளக் கூடாது. கைவைத்துப் பார்க்கச் சொன்ன கட்டுரையாளரிடம் நான் மாறுபடுவதைப் போலவே, திரையில் வரும் ஒவ்வோர் எண்ணையும் கண்டு பதறுகிறவர்களிடமும் மாறுபடுகிறேன். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் உணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. பிராசஸர் தாங்கக்கூடிய உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி மீதமிருக்கிறது என்பதையே அது சொல்கிறது. கோர்டெம்ப் என்னும் டிரைவர் அந்த எண்ணை வரம்பிலிருந்து கழித்து நமக்கு வெப்பநிலையாகக் காட்டுகிறது. பல பிராசஸர்களில் அந்த வரம்பு 100 டிகிரி. வரம்பை நெருங்க நெருங்க இந்த அளவு நம்பகமாகிறது. கணினி சும்மா இருக்கும்போது காட்டும் 28, 30 போன்ற எண்களில் பல டிகிரி பிழை இருக்கலாம். வேலூரில் மே மாத மதியம் அறையே 38 டிகிரியில் கொதிக்கும்போது பிராசஸர் 33 டிகிரியில் இருப்பதாகத் திரை சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஏஎம்டி பிராசஸர்களில் வேறொரு குழப்பம். 2017-இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்றவற்றில், விசிறிகளைக் கட்டுப்படுத்தும் நோக்கத்துக்காக உண்மையான வெப்பநிலையுடன் 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லும்படி அந்த நிறுவனமே அமைத்திருந்தது. டிசிடிஎல் (Tctl) என்ற பெயரில் வரும் எண் அப்படிக் கூட்டியது. டிடை (Tdie) என்று வருவதே மெய்யான வெப்பநிலை. இதை அறியாமல் 75 டிகிரி என்று பயந்து விசிறியை மாற்றியவர்கள் உண்டு; உண்மையில் அது 55 மட்டுமே.

மதர்போர்டு சில்லிலிருந்து வரும் எண்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ஒரே சில்லைப் பல நிறுவனங்கள் பல போர்டுகளில் பயன்படுத்துகின்றன. அதிலிருக்கும் உணரிகளுக்கான எல்லா இணைப்புக் கால்களையும் எல்லாரும் இணைப்பதில்லை. இணைக்கப்படாத கால் ஒன்று சூனியத்தில் 127 டிகிரி என்றோ, மைனஸ் 60 என்றோ ஏதாவதொன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். வெப்பம் கூடும்போதும் குறையும்போதும் அசையாத எண் எதுவோ அது உணரியே இல்லை என்று கொள்ளலாம். அதேபோல, பக்கத்தில் ‘அலாரம்’ என்ற சொல் வந்தால் உடனே பதற வேண்டியதில்லை. அந்தச் சில்லின் எச்சரிக்கை வரம்பை யாரும் அமைக்காமல் பூச்சியத்தில் விட்டிருந்தால், நல்ல நிலையில் இருக்கும் எதற்கும் அலாரம் வரும். இத்தகைய வரிகளைத் திரையில் காட்டாமல் மறைக்கவும், மீதியுள்ளவற்றுக்கு நமக்குப் புரியும் பெயர் வைக்கவும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. ஓர் ஆய்வகத்தில் ஒரே மாதிரியான கணினிகள் இருந்தால் அந்தக் கோப்பை ஒருமுறை எழுதி எல்லாவற்றிலும் வைத்துவிடலாம்.

விசிறிக்கு வருகிறேன். மூன்று கம்பி கொண்ட விசிறியில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைச் சொல்வது; விசிறி ஒருமுறை சுற்றும்போது அந்தக் கம்பியில் இரண்டு துடிப்புகள் வரும், சில்லு அவற்றை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறது. நான்காவது கம்பி இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. இரண்டு கம்பி மட்டும் கொண்ட விசிறியையோ, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய இணைப்பில் நேரடியாகச் செருகிய விசிறியையோ பொருத்தினால் அது எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் திரையில் 0 என்றுதான் வரும். ஆகவே 0 என்ற எண்ணைக் கண்டால் முதலில் கேபினெட்டைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். பழைய சில்லுகளில் மெதுவாகச் சுற்றும் விசிறியின் வேகத்தை எண்ண முடியாமல் 0 என்று காட்டும் குறையும் இருந்தது; அதற்கு வகு எண் ஒன்றை மாற்றி அமைத்தால் சரியாகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டுகளில் பலவற்றின் விசிறி, வெப்பம் குறைவாக இருக்கும்போது வேண்டுமென்றே நின்றுவிடும், அதுவும் பழுதல்ல.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பதைவிட, அதையும் விசிறி வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் உண்மையான பயன் இருக்கிறது. பராமரிப்புக்கு வருகிற தொழில்நுட்பப் பணியாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை என்பது என் வருத்தம். வெப்பநிலையும் உயர்ந்து விசிறியும் முழு வேகத்தில் சுற்றினால் குறை விசிறியில் இல்லை. காற்று போகும் வழி தூசியால் அடைபட்டிருக்கிறது, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. வெப்பநிலை உயர்ந்தும் விசிறி வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினால், பேரிங் தேய்ந்து போயிருக்கலாம், கம்பி ஒன்று பிளேடில் உரசிக்கொண்டிருக்கலாம், அல்லது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பில் யாரோ ‘சத்தமில்லாத முறை’யைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். இவை இரண்டையும்விடச் சுவையானது மூன்றாவது வகை. கணினி சும்மா இருக்கும்போது 45 டிகிரி. கனமான ஒரு வேலையைக் கொடுத்த இரண்டு மூன்று நொடிக்குள் 95-ஐத் தொட்டுவிடுகிறது. வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் கீழே வருகிறது. உலோகத்தாலான ஒரு ஹீட் சிங்க் அவ்வளவு விரைவாகச் சூடேறாது. ஆகவே வெப்பம் ஹீட் சிங்க்குக்குப் போகவே இல்லை, பிராசஸருக்குள்ளேயே தங்குகிறது என்று பொருள். இன்டெல் பிராசஸருடன் வரும் விசிறியை மதர்போர்டில் பிடித்து வைப்பவை நான்கு பிளாஸ்டிக் முளைகள். அவற்றில் ஒன்று விலகினாலோ ஒடிந்தாலோ ஹீட் சிங்க் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், இந்த அறிகுறி வந்துவிடும். மாறாக, வெப்பநிலை பத்து, இருபது நிமிடங்களில் சிறுகச் சிறுக ஏறிப் போனால் பிராசஸர் விசிறி சரியாக வேலை செய்கிறது. கேபினெட்டுக்குள் சேர்ந்த சூடான காற்றுக்கு வெளியேற வழி இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கோடையில், வேலைக்கு நடுவே தாமாகவே அணைந்துபோன சில கணினிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் பணியாளர் ‘மதர்போர்டு பழுது, மாற்ற இயலாது’ என்று சீட்டு எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அணைந்துபோகும் கணினியைக் கண்டால் அப்படி எழுதும் வழக்கம் எங்கும் இருக்கிறது. லினக்ஸ் இருந்த பென் டிரைவ் ஒன்றிலிருந்து அந்தக் கணினிகளைத் தொடங்கி, சென்சார்ஸ் கட்டளையை இரண்டு நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் மேலே சொன்ன மூன்றாவது அறிகுறியே தெரிந்தது. முளைகளைச் சரிசெய்து, பேஸ்ட் தடவிப் பொருத்திய பின் அவை ஓடத் தொடங்கின. ஒன்றில் மட்டும் வெப்பநிலை எல்லாம் சரியாக இருந்தும் கணினி அணைந்தது. அதில் குறை எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. உணரிகள் எல்லாப் பழுதையும் சொல்லிவிடா. ஆனால் எது பழுதில்லை என்பதை அவை விரைவாகச் சொல்லிவிடும்.

வரம்பை எட்டியவுடன் பிராசஸர் அணைந்துவிடுவதில்லை. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பயனர் அனுபவிப்பது ‘கணினி மெதுவாகிவிட்டது’ என்பதை மட்டுமே. நினைவகத்தைக் கூட்டுங்கள், வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள் என்று அவருக்கு அறிவுரை வரும், பணமும் செலவாகும். இன்டெல் பிராசஸர்களில், வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டது எத்தனை முறை என்ற எண்ணிக்கையைக் கணினி தொடங்கியதிலிருந்து கெர்னல் கணக்கு வைத்திருக்கிறது. சிபியு கோப்பகத்தில் தெர்மல் திராட்டில் என்ற பெயருக்குள் அந்த எண் இருக்கிறது. காலையில் தொடங்கிய கணினியில் மதியத்துக்குள் அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், எஸ்எஸ்டி வாங்கும் பணத்தில் ஒரு தெர்மல் பேஸ்ட் குழலும் ஒரு தூரிகையும் வாங்கினால் போதும்.

அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளாமல் எழுதும் எந்த அளவும் அரைகுறையானதே. ஹீட் சிங்க்கால் பிராசஸரைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. காற்றுக்கு மேலே எத்தனை டிகிரியில் பிராசஸர் நிற்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. டிசம்பரில் 25 டிகிரி அறையில் முழு வேலையில் 63 டிகிரி காட்டிய கணினி, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அறையில் ஏறக்குறைய 78 காட்டினால் அதில் எந்த மாற்றமும் நிகழவில்லை. இடைவெளி அதே 38 டிகிரிதான். அதே கணினி 40 டிகிரி அறையில் 92 காட்டினால் இடைவெளி 52 ஆகிவிட்டது, ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. சுவரில் மாட்டும் நூறு ரூபாய் வெப்பமானி ஒன்று ஆய்வகத்தில் இருந்தால் இந்தக் கழித்தல் கணக்கை யாரும் போடலாம். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடைவெளி அதனால் குறையும் கணினிகளும் உண்டு. முன்பக்கமிருந்து பின்பக்கம் காற்று இழுக்கும்படி அமைத்த கேபினெட்டில், கதவைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க் மீது போகவேண்டிய காற்று நின்றுபோவதும் உண்டு. அளந்து பார்த்துவிட்டுச் செய்தால் குற்றமில்லை. ஆனால் திறந்த கேபினெட்டுக்குள் தூசியும் பல்லியும் இலவசம்.

ஹார்டு டிஸ்க்கின் வெப்பநிலையைப் பார்க்க முன்பெல்லாம் தனி நிரலும் நிர்வாகி உரிமையும் தேவைப்பட்டன. 2020-இல் வந்த 5.5, 5.6 கெர்னல்களிலிருந்து என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளுக்கும் சாட்டா இணைப்பு கொண்ட டிஸ்க்குகளுக்கும் அந்த எண்ணும் மற்றவற்றுடன் சேர்ந்தே வருகிறது. சாட்டாவுக்கு டிரைவ்டெம்ப் என்ற டிரைவரை ஏற்ற வேண்டும். டிஸ்க் 45 டிகிரியைத் தொட்டதும் அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துக் கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்க் பழுதுக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு அதுவரை எல்லாரும் நம்பியிருந்த அளவுக்கு வலுவாக இல்லை என்றே தெரியவந்தது.

லினக்ஸில் விசிறி வேகத்தைப் பார்ப்பது மட்டுமன்றி அதை நாமே கட்டுப்படுத்தவும் முடியும். 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் விசிறி அதற்கேற்பச் சுற்றும், ஃபேன்கன்ட்ரோல் என்ற நிரல் அதைத் தானாகச் செய்யும். இளைஞர்களுக்கு இது பிடிக்கும். பொதுப் பயன்பாட்டுக் கணினிகளில் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விசிறியைக் கைமுறைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றிய பிறகு அந்த நிரல் திடீரென நின்றுபோனால், விசிறி கடைசியாக எழுதிய வேகத்திலேயே தங்கிவிடும். அது குறைந்த வேகமாக இருந்தால் கேட்பார் இல்லை. மேலும், கணினியை மறுமுறை தொடங்கும்போது உணரிகளின் வரிசை எண் மாறிவிடக்கூடும். நேற்று பூச்சியமாக இருந்தது இன்று இரண்டாக இருக்கும். எண்ணை நம்பி எழுதிய நிரல் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கும். பெயரைப் பார்த்துத் தேடும்படிதான் எழுத வேண்டும். விசிறியை ஆளும் வேலையைப் பயாஸிடம் விட்டுவிட்டு, நாம் பார்க்கும் வேலையை மட்டும் செய்வதே நல்லது.

மடிக்கணினிகளைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் உண்மை உண்டு என்று மேலே குறிப்பிட்டேன். கூடுதல் கிராஃபிக்ஸ் சில்லு உள்ள சில மடிக்கணினிகளில் லினக்ஸ் அதை உறங்கவிடாமல் எப்போதும் விழித்திருக்க வைப்பதும், உலாவியில் காணொளி பார்க்கும்போது அந்த வேலை கிராஃபிக்ஸ் சில்லுக்குப் போகாமல் பிராசஸர் தலையில் விழுவதும் நடக்கின்றன. இரண்டையும் அமைப்பில் மாற்றிச் சரிசெய்யலாம். சரியானதா என்று அறிவதற்கும் இந்த எண்களே வழி. விசிறி வேகம் மட்டும் எல்லா மடிக்கணினிகளிலும் தெரியாது. டெல், திங்க்பேட் போன்றவற்றுக்குத் தனி டிரைவர்கள் கெர்னலில் இருக்கின்றன. வேறு பலவற்றில் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அந்த எண்ணை வெளியே சொல்வதில்லை. அங்கே வெப்பநிலையைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் வகை விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது. அன்று அதைத் திறந்தே பார்க்காத பல வீடுகளில் இன்று அந்த மடிக்கணினிகள் ‘சூடாகி அணைந்துவிடுகிறது’ என்று பரண்மேல் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியாவது தூசி தட்டினால் பிழைக்கக் கூடியவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒருநாள் பார்த்துவிட்டு மறந்துபோவதைவிடத் தொடர்ந்து குறித்துவைப்பது மிகுந்த பயன் தரும். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்சார்ஸ் கட்டளையின் விடையைத் தேதி, நேரத்துடன் ஒரு கோப்பில் சேர்க்கும்படி கட்டளைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதினால் போதும். கணினிகள் மிகுந்த இடங்களில் புரோமிதியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள் எல்லாவற்றின் எண்களையும் ஒரே இடத்தில் வரைபடமாகக் காட்டிவிடும். தேயத் தொடங்கிய விசிறி திடீரென நிற்பதில்லை. 1,400 சுற்று சுற்றியது சில மாதங்களில் 1,250 ஆகி, பின் 1,100 ஆகி, சில நேரம் 0 காட்டி மீண்டும் ஓடி, பிறகே நிற்கும். கோப்பைப் பார்க்கிறவருக்கு அது மார்ச் மாதத்திலேயே தெரிந்துவிடும். பார்க்காதவருக்கு மே மாதத்தில், தேர்வு நடக்கும் நாளில் தெரியும்.

பொது நிறுவனங்களுக்கு நான் முன்வைக்கும் கோரிக்கை சிறியது. கணினி ஒன்றைப் பழுது என்று தளவாடப் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்கு முன், அந்தச் சீட்டில் நான்கு எண்கள் எழுதப்பட வேண்டும்: அறையின் வெப்பநிலை, சும்மா இருக்கும்போதும் முழு வேலையிலும் பிராசஸரின் வெப்பநிலை, அப்போது விசிறியின் வேகம். கணினி தொடங்கவே இல்லை என்றால் அதையும் எழுதட்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘கணினிகளைச் சுத்தம் செய்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. சுத்தம் செய்தார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க இன்று எந்த வழியும் இல்லை. சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் இதே எண்களை எழுதித் தர வேண்டும் என்று அந்த வரியுடன் சேர்த்துவிட்டால், மேலட்டையை மட்டும் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகும் பழக்கம் நின்றுவிடும். இதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கல்லூரி முதல்வரோ நூலகரோ தம் அளவில் முடிவெடுத்தாலே போதும்.

லினக்ஸில் வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் பார்க்க இயலாது என்ற கூற்றுக்குத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி, கல்லூரிகளில் ஆய்வகப் பராமரிப்பு வேலைகள் கோடை விடுமுறையில்தான் நடக்கும் என்பதால், ஏப்ரல் மாதத்துக்குள் அது வெளியானால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பராமரிப்பாளர் ஒருவர்,
வேலூர்.